வயிற்றுக்குச் சரியில்லை

எங்கள் கவுன்சிலிங் வகுப்பில் பயிற்சி அமர்வுகளை வீடியோ எடுத்துப் போட்டுப் பார்ப்பது வழக்கம். மூன்று பேராக உட்காருவோம். ஒருவர் தன் கவலையைச் சொல்வார், ஒருவர் கேட்பார், மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கேட்பவளாக இருந்த வீடியோ முதல் தடவையாக ஓடியபோது ஆசிரியை சத்தத்தை நிறுத்திவிட்டு, "இப்போது இவருடைய கால்களை மட்டும் பாருங்கள்" என்றார். மேலே என் முகம் கோயிலில் நிற்பவளைப் போலச் சாந்தமாக இருந்தது. கீழே இரண்டு கால்களும் தையல் மெசின் மிதித்துக்கொண்டிருந்தன.

வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது தாண்டிய வயதில், இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, காசு கட்டி வந்து உட்கார்ந்தால் காலைப் பற்றிக் கதைக்கிறார்களே என்று கோபம். ஆசிரியை கோபத்தையும் கண்டுபிடித்துவிட்டார். "அடுத்தவர் பேசாமல் இருக்கும்போதுதான் உங்கள் கால் ஆடுகிறது. மௌனம் உங்களை என்ன செய்கிறது?" என்று கேட்டார். என்ன செய்கிறதோ, அதைச் சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்?

உண்மையில் எனக்குச் சும்மா இருக்க வராது. கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் எங்கள் வீடு சின்னது. அதற்குள்ளேயே நான் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறேன் என்று பார்க்க என் கணவருக்கு ஆசை. கேத்தல் கொதிப்பதற்கு முன் நான் கதவுக்குப் போய்த் திரும்பி வந்துவிடுவேன். அப்படிப்பட்டவளை ஒரு கதிரையில் ஐம்பது நிமிடம் இருத்தி, வாயையும் மூடிக்கொண்டு கேள் என்றால் கால்தானே பாவம், அது ஆடத்தானே செய்யும்.

இந்தப் படிப்புக்கு முன் பல வருடம் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஆஸ்பத்திரி, அரசாங்க உதவிப்பணம் தரும் பெனிபிட் ஒபிஸ், கவுன்சில் என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். தமிழில் ஒருவர் அழுதுகொண்டு சொல்வதை அழாமல் இங்கிலிசில் சொல்ல வேண்டும். அவர்கள் இங்கிலிசில் சொல்வதைத் தமிழில் திருப்பித் தர வேண்டும். அந்த வேலையில் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எத்தனையோ முறை எங்கள் ஆட்கள் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது எனக்கு நன்றாக விளங்கும். எதிரே இருந்த வெள்ளைக்கார டொக்டருக்கு அது விளங்காது. சொல்லாமல் விட்டதை மொழிபெயர்க்க எனக்கு உரிமை இல்லை. அந்த அவதி தாங்காமல்தான் படிக்கப் போனேன். எங்கள் ஆட்களை என்னைவிட ஆருக்குத் தெரியும் என்ற திமிரும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

இந்த நாட்டில் ஆர் வேண்டுமானாலும் தன்னைக் கவுன்சிலர் என்று சொல்லிக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது. ஆனால் மதிப்பான ஓர் அமைப்பின் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் நல்ல இடங்களில் வேலை. அதற்கு வருடக்கணக்கில் படிக்க வேண்டும். பயிற்சிக்காக உண்மையான மனிதர்களோடு நிறைய மணித்தியாலம் இருக்க வேண்டும். கடைசியில், நம்மை மேற்பார்வை செய்யும் சூப்பவைசர் 'இவரை நம்பி ஆட்களை விடலாம்' என்று எழுதித் தர வேண்டும். என்னுடைய மாமா ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப எந்தக் கட்சியிலை நிக்கிறாய்?" என்று கேட்டார். நான் விளக்கிச் சொன்ன பிறகு, அதைவிட எலெக்சனில் நின்றிருக்கலாம் என்றார்.

அம்மாவுக்கு இது இன்னும் பிடிக்கவில்லை. அம்மா தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் அண்ணையோடு இருக்கிறார். "விசர் பிடிச்ச ஆக்களோடை இருந்து இருந்து உனக்கும் பிடிக்கப் போகுது" என்பார். அம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. என் அம்மாவுக்கு ஒரு விசேஷமான வயிறு உண்டு. கலியாணம், செத்தவீடு, பிறந்தநாள் என்று லண்டனில் எந்த வீட்டுக்குப் போனாலும் அம்மா போவார், கட்டிப்பிடிப்பார், நன்றாகக் கதைப்பார். ஆனால் சில வீடுகளில் மட்டும், தட்டு நீட்டும்போது அம்மாவின் வயிறு சரியில்லாமல் போகும். "குறை நினையாதேங்கோ, வயித்துக்குச் சரியில்லை. ஒரு சோடா இருந்தாத் தாங்கோ, காணும்" என்பார். மூடி திறக்காத சோடா. அந்த வீட்டு அடுப்பும் அந்த வீட்டுப் பாத்திரமும் படாத சோடா.

அந்த வயிறு சாதி பார்த்துத்தான் கெடும். ஊரில் இருந்த காலத்தில் இருந்தே அப்படித்தான். விமானம் ஏறியும் அது குணமாகவில்லை. சின்ன வயதில் நான் அதை உண்மையென்று நம்பினேன். பிறகு விளங்கியது. விளங்கிய பிறகு அம்மாவோடு அப்படியான வீடுகளுக்குப் போனால் நான் வேண்டுமென்றே இரண்டு தட்டு சாப்பிடுவேன். அதோடு என் கடமை முடிந்தது, நான் வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பயிற்சிக்குக் கிடைத்த இடம் அப்டன் பார்க் பக்கம், சேலை விற்கும் ஒரு சாறிக்கடைக்கு மேல்மாடியில். சின்னத் தொண்டு நிறுவனம். அறையில் இரண்டு கதிரை, நடுவில் ஒரு சின்ன மேசை, மேசையில் கண் துடைக்க ரிசுக் கடதாசிப் பெட்டி, ஒரு தண்ணீர் ஜக், இரண்டு பிளாஸ்டிக் குவளை. சுவர் மணிக்கூடு எனக்கு மட்டும் தெரியும்படி மாட்டியிருந்தது. கீழே தெருவில் எப்போதும் சனம், ஹோர்ன் சத்தம். அந்தச் சத்தம் எனக்கு ஆறுதலாக இருந்தது. முழு மௌனம் என்று ஒன்று அங்கே வராது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு பெண்மணி வந்தார். தமிழ் கதைக்கிறவர் ஒருவர் வேண்டுமென்று கேட்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். அவரை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் இங்கே மாற்றியிருக்கிறேன். அவர் கொண்டுவந்த பலகாரம்கூட வேறு. நித்திரை இல்லை என்று வந்திருந்தார். டொக்டர் குளிசை கொடுத்துப் பார்த்து, கடைசியில் கதைத்துப் பாருங்கள் என்று அனுப்பியிருந்தார்.

வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பத்து வயது மூத்த ஒருவரை எந்த வாயால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? அக்கா என்றேன். அவர் தங்கச்சி என்றார். அதுவரைக்கும் பரவாயில்லை. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு அவர் உட்கார்ந்தார், ஒரு மௌனம் வந்தது, என் கால் ஆடத் தொடங்கியது, நான் வாயைத் திறந்தேன்.

"அக்கா ஊரிலை எவடம்?"

இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள் எங்கே சந்தித்தாலும் முதலில் வருகிற கேள்வி இதுதான். பஸ்ஸில் கேட்பார்கள், ஆஸ்பத்திரி வரிசையில் கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பது போல இருக்கும். ஆனால் ஊரைச் சொன்னால் பகுதியைக் கேட்பார்கள், பகுதியைச் சொன்னால் கோயிலைக் கேட்பார்கள். மூன்றாவது பதிலோடு ஆள் ஆர் என்று கணக்குத் தீர்ந்துவிடும். எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்டேன். மௌனத்தை மூட என் கையில் அகப்பட்டது அதுதான்.

அவர் சொன்னார். அடுத்த கேள்விக்குக் காத்திராமல், எந்தப் பகுதி என்பதையும் தானாகவே சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நீங்கள்?" என்றார். நானும் சொன்னேன். அவர் மெல்லத் தலையாட்டினார். "ஓமோம், அங்கை எல்லாம் பெரிய ஆக்கள்" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

அந்த முதல் அமர்விலும் அடுத்ததிலும் அவர் நித்திரையைப் பற்றியே கதைத்தார். எத்தனை மணிக்குப் படுக்கிறார், எந்தத் தலையணை, பால் குடித்தால் எப்படி, குடிக்காவிட்டால் எப்படி. நடுவில் மகளுக்குக் கலியாணம் பொருந்தியிருப்பதைச் சொன்னார். "பிள்ளையள் தாங்களே விரும்பினது. பொடியன் தங்கமான பிள்ளை" என்றார். அந்த இடத்தில் மட்டும் குரல் ஒரு படி இறங்கியது. நான் கவனித்தேன். கவனித்ததில் எனக்குப் பெருமை வேறு. இன்னும் கொஞ்சம் போனால் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் சொல்லாமல் விட்டது என்னவென்று எனக்குள் குடைந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் கையில் ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டி. திறந்து மேசையில் வைத்தார். வாய்ப்பன். சுடச்சுட இருந்தது, பொரித்த கையோடு பஸ் ஏறியிருக்கிறார். வாழைப்பழமும் சீனியும் பொரிந்த வாசம் அறை முழுக்க நிறைந்தது.

"சாப்பிடுங்கோ தங்கச்சி. வேலையாலை நேரே வந்திருப்பியள்."

வருகிறவர்களிடம் எதுவும் வாங்கக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. பரிசு வேண்டாம், சாப்பாடு வேண்டாம். அதற்கு நல்ல காரணங்கள் உண்டு, நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். "அக்கா, இஞ்சை விதி ஒண்டு இருக்கு, நாங்கள் ஒண்டும் வாங்கக்கூடாது" என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் விதி என்று ஒரு மூத்த பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. வாய்ப்பனைப் பொரித்துக் கொண்டுவந்தவரிடம் சட்டம் கதைப்பதா? அவர் மனம் நோகக்கூடாதே என்று ஒரு கணம் தடுமாறினேன். அந்தத் தடுமாற்றத்தில் என் வாயில் இருந்து அம்மா கதைத்தார்.

"ஐயோ அக்கா, குறை நினையாதேங்கோ. எனக்கு வயித்துக்குச் சரியில்லை."

அவர் கை பெட்டியின் விளிம்பில் அப்படியே நின்றது. முகத்தில் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நல்லது. பழகிய ஒரு மரியாதை வந்தது. மூடியை எடுத்து, நான்கு மூலையும் அழுத்தி, பெட்டியை மூடினார்.

"ஓமோம், வயித்துக்கு ஏலாட்டி என்ன செய்யிறது" என்றார். பிறகு என்னை நேரே பார்த்து, மிகவும் பணிவாகக் கேட்டார். "கீழை கடையிலை சோடா இருக்கும். வாங்கிக்கொண்டு வரட்டோ?"

இல்லையக்கா, அப்படி இல்லையக்கா, என்று என்னவோ உளறினேன். விதியைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். பிந்திவிட்டது. முதலில் பொய்யைச் சொல்லிவிட்டுப் பிறகு உண்மையைச் சொன்னால் உண்மைதான் சாட்டு மாதிரி இருக்கும். மீதி நேரம் முழுக்க அவர் தலையணையைப் பற்றிக் கதைத்தார். போகும்போது "வாறன் தங்கச்சி" என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டுத்தான் போனார். படியில் அவருடைய செருப்புச் சத்தம் ஓயும்வரை நான் எழும்பவில்லை.

என் சூப்பவைசர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. உயரமானவர், நிதானமானவர், ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை எத்தனை நிமிடமும் இருப்பார். அந்தக் கிழமை அவரிடம் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன்: சாப்பாடு கொண்டுவந்தார், நான் ஏற்கவில்லை. "வருகிறவருக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டிய எல்லையை நன்றாகக் காப்பாற்றியிருக்கிறீர்கள். தென்னாசியப் பின்னணியில் அது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்காது" என்று பாராட்டினார். நன்றி சொன்னேன். வயிற்றுக் கதையைச் சொல்லவில்லை. அவர் கையெழுத்து எனக்கு வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அக்கா வரவில்லை.

வராவிட்டாலும் அவருடைய நேரம் முடியும்வரை நாம் அறையில் இருக்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்துக்கு வந்தாலும் அது அவருடைய நேரம். நான் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன், நடந்தேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் நடந்தேன். கீழே தெருவில் கோட்டுப் போட்டுக்கொண்டு போகிற ஒவ்வொருவரையும் பார்த்தேன். படியில் சத்தம் கேட்டால் ஓடிப் போய்க் கதிரையில் உட்காருவேன். அது சாறிக்கடைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவராக இருக்கும். நானாக அவருக்குத் தொலைபேசி எடுக்கக்கூடாது. நிறுவனத்தில் இருந்து எல்லோருக்கும் போகிற அதே கடிதம் போகும்: அடுத்த முறையும் வராவிட்டால் இடம் இன்னொருவருக்குக் கொடுக்கப்படும். அந்தக் கடிதத்தை அவர் படிக்கும்போது என்ன நினைப்பார் என்று யோசித்தேன். வயிற்றுக்காரி கதவையும் சாத்திவிட்டாள் என்று நினைப்பார்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலையே இல்லாமல், அவரைக் காண மாட்டேனா என்று அப்டன் பார்க் பக்கம் கிரீன் ஸ்ட்ரீட்டில் போய் நின்றேன். மரக்கறிக்கடை வாசலில் முருங்கைக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கண்டால் மட்டும் என்ன செய்வது? வெளியில் கண்டால் நாமாகக் கதைக்கக் கூடாது. அவர் பார்த்தால், அவர் சிரித்தால் மட்டும் சிரிக்கலாம். ஒருநாள் அவரைப் போலவே கோட்டுப் போட்ட ஒருவரைக் கண்டு நெஞ்சு இடித்தது. வேறு ஆள். கடைக்காரர் பொறுமை இழந்து, "அக்கா, எடுக்கிறியளோ, இல்லையெண்டால் அதைப் படமெடுக்கப் போறியளோ?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ரெயினும் டிராமும் ஏறி மிச்சத்துக்குப் போனேன், அம்மாவோடு சண்டை பிடிக்க. வேறு எதற்கும் இல்லை. அம்மா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். அமர்வில் நடந்ததைச் சொல்ல முடியாது, அது இரகசியம். அதனால் அதைத் தொடாமல், அம்மாவைப் பற்றியே நேரே கேட்டேன்.

"அம்மா, நீங்கள் ஏன் ஆக்களின்ரை வீட்டிலை வயித்துக்குச் சரியில்லை எண்டு சொல்லுறனீங்கள்?"

"ஏலாட்டிச் சொல்லத்தானே வேணும்."

"பொய் சொல்லாதேங்கோ."

அம்மா கையைக் கழுவினார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "நான் ஆரையாவது ஒரு சொல்லுச் சொன்னனானே? ஒருத்தற்றை மனமும் நோகாமல், என்ரை வயித்திலை பழியைப் போட்டிட்டு இருக்கிறன். அதுக்கும் குற்றமோ?"

"அவைக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ?"

"தெரிஞ்சால் என்ன? அவையும் ஒண்டும் சொல்லேல்லையே. சோடாவை வாங்கி வைச்சிருக்கினம். எல்லாருக்கும் மரியாதை."

நான் கத்தினேன். அண்ணை மாடியில் இருந்து இறங்கி வந்தார். அம்மா அழுதார். புட்டுச் சாப்பிடாமல் கிளம்பினேன், வாசலில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வயித்துக்கு ஏதும் ஏலாதோ?" என்று கேட்டார். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டிராமில் உட்காரவில்லை. விம்பிள்டன்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவில் எவ்வளவு கோபம் இருந்தாலும், அந்தச் சொல்லை அந்த அறையில் சொன்னது அம்மா இல்லை, நான். மனம் நோகக்கூடாது என்ற நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன். அம்மாவும் அதே நல்லெண்ணத்தோடுதான் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நினைப்புத்தான் என்னைப் போட்டு உலுப்பியது.

அடுத்த மேற்பார்வையில் சூப்பவைசரிடம் முழுக்கச் சொன்னேன். வருடக்கணக்காக மற்றவர்களுடைய கதைகளைத் தடுக்காமல் இங்கிலிசில் சொன்னவள் நான். என் வீட்டுக் கதையைச் சொல்ல எனக்குச் சொல் வரவில்லை. சாதி என்பதற்கு இங்கிலிசில் சொல் இருக்கிறது, ஆனால் அதை 'எங்கள் வீட்டில்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்து நான் ஒருநாளும் சொன்னதில்லை. சோடாவைச் சொன்னேன். எவடம் என்ற கேள்வியைச் சொன்னேன். போன முறை மறைத்ததையும் சொன்னேன். அவர் வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். என் கால் ஆடியது. நான் அதை நிறுத்தப் போகவில்லை.

"நான் உங்களைத் தவறான விஷயத்துக்குப் பாராட்டியிருக்கிறேன்" என்றார் கடைசியில். "அவர் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள்?"

"மன்னிப்புக் கேட்பேன்."

"யாருக்காக? அவருக்காகவா, உங்கள் மனம் ஆறவா?"

"அவர் வராவிட்டால்?" என்று நான் கேட்டேன்.

"வராவிட்டால், ஒருவர் உங்களிடம் வந்து காயப்பட்டுப் போனார் என்பதோடு நீங்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். அது உங்களால் முடியுமா என்று பார்த்துத்தான் நான் எழுத வேண்டும்." கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அவருடைய நேரம் தொடங்கி ஓடிக்கொண்டிருந்தது. நான் அன்றைக்கு நடக்கவில்லை. நடக்கத் தென்பு இல்லை. மணிக்கூட்டில் பாதி நேரம் போய்விட்டது. இனி இல்லை என்று நினைத்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஓட வேண்டியதில்லை, ஏற்கனவே கதிரையில்தான் இருந்தேன்.

அவர் உள்ளே வந்தார். கையில் ஒன்றும் இல்லை. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். "கடிதம் வந்தது" என்றார். "வராமல் விடுவம் எண்டுதான் நினைச்சனான். பஸ்ஸிலை இரண்டு தரிப்புத் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி நடந்து வாறன்."

மன்னிப்பு என்று நான் எதையெல்லாமோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. "அக்கா, அண்டைக்கு என்ரை வயித்துக்கு ஒண்டுமில்லை. நான் சொன்னது பொய்" என்றேன்.

"தெரியும்."

"வாங்கக்கூடாதெண்டு விதி இருக்கிறது உண்மை. ஆனா அதைச் சொல்லாமல், எங்கட வீடுகளிலை சொல்லுற பொய்யைச் சொன்னனான். அது உங்களுக்கு எப்பிடிக் கேட்டிருக்குமெண்டு எனக்குத் தெரியும்."

கீழே தெருவில் ஆரோ ஆரையோ கூப்பிட்டார்கள். அந்த மௌனத்தை மூடுவதற்கு என் வாயில் எத்தனையோ வசனம் வந்து முட்டியது. கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு அவர் முன்னால் சாய்ந்து, மேசையில் இருந்த ஜக்கை எடுத்தார். ஒரு குவளையில் தண்ணீர் ஊற்றினார். மற்றக் குவளையிலும் ஊற்றினார். அதை எனக்குப் பக்கமாக நகர்த்தினார்.

"இது உங்கட ஒபிஸ் தண்ணி. நான் கொண்டு வந்தது இல்லை. விதி ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப குடியுங்கோ."

குடித்தேன். அவர் தன் குவளையைத் தொடாமல், நான் கடைசி மிடறு விழுங்கிக் குவளையை மேசையில் வைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கோட்டைக் கழற்றினார்.

"உங்கட கால் ஆடுது" என்றார்.

"ஓம். அது அப்பிடித்தான் அக்கா."

"ஆடட்டும். எனக்கும் நெஞ்சு அப்பிடித்தான் ஆடுது."

அன்றைக்குத்தான் அவர் சொன்னார். கலியாணம் பேச மாப்பிள்ளையின் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறார். இவர் இரண்டு நாள் சமைத்திருக்கிறார். வந்தவர் நல்ல சந்தோஷமாகக் கதைத்து, மகளைக் கொஞ்சி, எல்லாவற்றையும் பார்த்து, கடைசியில் வயிற்றுக்குச் சரியில்லை என்றிருக்கிறார். "அது பரவாயில்லை தங்கச்சி" என்றார். "அவா அப்பிடித்தான் சொல்லுவா எண்டு எனக்கு முதலே தெரியும். அதுதானே என்னைத் தின்னுது. அவா வர முதலே, நானே கடைக்குப் போய் ஒரு பெட்டி சோடா வாங்கி வைச்சனான். அவா வாய் திறக்க முதல் நானே கொண்டு போய் நீட்டினனான். என்ரை மகள் பாத்துக்கொண்டு நிண்டவள். 'ஏனம்மா இவ்வளவு சோடா?' எண்டு கேட்டவள். படுத்தால் அந்தக் கேள்விதான் கேக்குது."

அவர் அழுதார். ரிசுப் பெட்டியை நான் நகர்த்தவில்லை. அவர் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கொஞ்சம் ஆறிய பிறகு, "பொடியன்ரை ஆக்களை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உங்கட பக்கம்தான். அவையின்ரை வீடு..." என்று தொடங்கினார்.

"வேண்டாம் அக்கா" என்றேன். "ஆர் எண்டு எனக்குத் தெரியத் தேவையில்லை."

அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது. உள்ளே பழைய கேள்வி துடித்துக்கொண்டிருந்தது. எவடம், ஆற்றை ஆள், அம்மாவுக்குத் தெரிந்தவர்களோ? கடவுளே, எங்கள் சொந்தமோ? கேட்கவில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெயர் இல்லாமலே மீதிக் கதையைச் சொன்னார். அன்றைக்குத் தலையணையைப் பற்றி ஒன்றுமே வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் அவர் தவறவிடவில்லை. ஒவ்வொரு முறையும் முதலில் இரண்டு குவளையிலும் தண்ணீர் ஊற்றுவார், நான் குடிப்பேன், பிறகுதான் தொடங்குவார். சூப்பவைசரிடம் இதைச் சொன்னபோது, "அதை மாற்ற வேண்டாம்" என்றார். என் பயிற்சி முடிந்தபோது அவர் எனக்கு எழுதித் தந்ததில் நல்லதும் இருந்தது, 'இவர் மௌனத்தை இன்னும் பொறுக்கப் பழக வேண்டும்' என்பதும் இருந்தது. நியாயம்தான். பதிவேட்டில் பெயர் ஏறியதும் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "இனியாவது ஒரு இடத்திலை இருப்பியோ?" என்று கேட்டார்.

அந்தத் தொண்டு நிறுவனத்தில் ஒருவருக்குத் தருகிற அமர்வுகளுக்கு அளவு உண்டு. கடைசி நாளன்று அக்கா நித்திரையைப் பற்றிச் சொன்னார்: சில நாள் வருகிறது, சில நாள் இல்லை. எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டிருக்கும்போது, ஏதோ மரக்கறி விலை சொல்வது போலச் சொன்னார்.

"வாற ஞாயிற்றுக்கிழமை சம்மந்தி அம்மா திரும்ப வாறா, நாள் குறிக்க. வீட்டிலை சோடா இல்லை. மறந்து போய் இல்லை, வேணுமெண்டுதான் வாங்கேல்லை. தண்ணி இருக்கு, தேத்தண்ணி இருக்கு. வாய்ப்பனும் போடுவன்."

"பயமா இருக்கோ அக்கா?"

"ஓம்" என்றார். "நீங்கள் குடிக்கேக்கையும் எனக்குப் பயமாத்தான் இருந்தது."

வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார். இனி அவர் வரப் போவதில்லை, நான் அவரைத் தேடிப் போகவும் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் காலையில் இருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். கணவர் இரண்டு முறை என்ன என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார். பின்னேரமானதும் ஜன்னலடியில் போய் நின்றேன். இந்நேரம் அந்தச் சம்மந்தி அம்மா வந்து உட்கார்ந்திருப்பார். இந்நேரம் வயிற்றைப் பற்றித் தொடங்கியிருப்பார். மகள் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த அம்மா குடித்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் என் அக்கா தண்ணீரை ஊற்றி அவருக்கு முன்னால் வைத்திருப்பார். வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.